தவறி விழுந்தார்: ஒரு சொல்லின் மீது சில ஆட்சேபங்கள்

முதியவர் ஒருவர் வீட்டுக்குள் விழுந்து, எலும்பு முறிந்து, படுக்கையில் கிடக்கிறார். நலம் விசாரிக்க வந்தவர்களிடம் வீட்டார் சொல்கிறார்கள்: “பாத்ரூம்ல தவறி விழுந்துட்டார்.” வந்தவர்கள் “வயசாச்சு இல்லையா” என்று தலையசைக்கிறார்கள். விசாரணை அத்துடன் முடிந்துவிடுகிறது. இந்த உரையாடல் நடைபெறாத தமிழ்க் குடும்பம் இன்று அநேகமாக இல்லை எனலாம்.

என் ஆட்சேபம் அந்தத் ‘தவறி’ என்னும் வினையெச்சத்தின் மீது. தவறுதல் என்றால் பிசகுதல், தப்புதல், பிழை செய்தல். வாக்கியத்தில் விழுந்தவரே எழுவாய், தவறும் அவருடையதே. சோப்பு நீர் தேங்கிய தரைக்கும், எரியாத விளக்குக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத சுவருக்கும், காலையில் விழுங்கிய மாத்திரைக்கும் அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. இதே வினைச்சொல்லை நாம் இறப்பைக் குறிக்கவும் மங்கல வழக்காகப் பயன்படுத்துகிறோம்: “பெரியவர் தவறிட்டார்.” விழுவதற்கும் இறப்பதற்கும் இடையிலுள்ள தூரம் எத்தனை சிறியது என்பது மொழிக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பேசுகிற நமக்குத்தான் உறைக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. இம்மரணங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழ்கின்றன. உயிருக்கு ஆபத்தான வீழ்ச்சிகளில் மிகுதியானவை 60 வயதைக் கடந்தவர்களுடையவை. அந்நிறுவனம் 2007இல் வெளியிட்ட அறிக்கை, 65 வயதுக்கு மேற்பட்டோரில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஒவ்வோர் ஆண்டும் விழுகிறார்கள் என்றது. மூவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். மூவரில் ஒருவர் ஆண்டுதோறும் ஒரே விதமாகத் ‘தவறு’ செய்கிறார்கள் என்றால், அது தனிமனிதத் தவறாக இருக்க முடியுமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்திற்கு அடுத்த நிலை இது. அந்த விகிதம் அதற்குப் பிறகு உயர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே இது ஏதோ மருத்துவப் பத்திரிகைகளின் விவகாரம் என்று இலக்கிய வாசகர்கள் ஒதுங்கிக்கொள்வதற்கில்லை.

* * *

மரக்காணத்து உப்பளங்களிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்து, பொம்மையார்பாளையத்தில் மேற்கே திரும்பி மேடேறினால் குயிலாப்பாளையம். செம்மண்ணும் முந்திரியும் பனையும் சேர்ந்த ஊர். ஆரோவில்லின் வாசலில் இருப்பதால், கட்டடக் கலை பயில உலகெங்கிலுமிருந்து வரும் மாணவர்கள் இவ்வூர்த் தெருவைக் கடந்துதான் போகிறார்கள். இந்த முப்பது கிலோமீட்டர்ச் சொச்சக் கரையை ஓர் எடுத்துக்காட்டாக வைத்துப் பேச விரும்புகிறேன். ‘வயதானால் விழத்தான் செய்வார்கள்’ என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதை இக்கரையின் கால்களே காட்டிவிடும்.

உப்பளத்தில் வேலை செய்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். பாத்திகளுக்கு இடையிலுள்ள வரப்பு ஒற்றையடிப் பாதை. உப்பு நீர் கசிந்து சேறாகக் கிடக்கும். தலையில் உப்புக் கூடை. எதிரே வெயில் பட்டுக் கண்ணைப் பறிக்கும் வெண்மை. இந்த வரப்பில் முப்பது நாற்பது ஆண்டுகள் நடந்த கால்கள் அவை. இங்கே மேட்டில், முந்திரித் தோப்பின் சரிவுகளிலும் மழை அரித்த செம்மண் பள்ளங்களிலும் விறகுக் கட்டோடு ஏறி இறங்கிய கால்களும் அப்படித்தான். உடலைச் சமநிலையில் நிறுத்தும் கலையில் இவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்கள் நம்மில் எவரும் இல்லை. வரப்பில் வழுக்காத அந்தக் கால், நாலடிக்கு நாலடி கழிப்பறையில் ஏன் வழுக்குகிறது?

காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கலாம். வரப்பு சேறாக இருந்தாலும் மணலும் சேர்ந்தது. வெறுங்காலின் விரல்கள் அதைக் கவ்விக்கொள்ளும். டைல்ஸ் பதித்த ஈரத் தரையில் கவ்வுவதற்கு ஒன்றுமில்லை. வரப்பில் நடந்தது பகலில். கழிப்பறைக்குப் போவது நள்ளிரவில், அரைத் தூக்கத்தில், சுவிட்சைத் தேடிக்கொண்டு. அன்று கண் தெளிவாக இருந்தது. இன்று புரை படர்ந்திருக்கிறது. அன்று மாத்திரை இல்லை. இன்று இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டுகிறது. இவற்றோடு, வேலையை விட்ட பிறகு உட்கார்ந்தே கழிந்த ஆண்டுகளில் தொடைத் தசைகள் மெலிந்துவிட்டன. வயது இவற்றில் ஒரு கூறு மட்டுமே. மற்றவை மாற்றத்தக்கவை.

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இப்பகுதியின் கூரைகளையும் முந்திரி மரங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த மாற்றம் அதன் பிறகு விரைவுபட்டது. கூரை வீடுகள் காரை வீடுகளாயின. மண்ணும் சாணமும் மெழுகிய தரை சிமெண்டாகி, சிமெண்ட் வழவழக்கும் டைல்ஸாகியது. 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டம் வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள். காரை வீட்டையும் கழிப்பறையையும் குறை சொல்லும் எவரும் மழையில் ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்தவராகவோ, இருட்டியபின் முந்திரித் தோப்புக்குள் ஒதுங்கக் காத்திருந்த பெண்ணாகவோ இருக்க முடியாது. என் கேள்வி வேறு. நான்கு சுவரும் கூரையும் பீங்கானும் இவ்வளவு செலவில் வந்து சேர்ந்த இடத்தில், சுவரில் ஒரு கைப்பிடி ஏன் வந்து சேரவில்லை? கட்டியவர், கட்டச் சொன்னவர், பணம் கொடுத்தவர் என எல்லாருடைய கற்பனையிலும் அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தப்போகும் உடல் முப்பது வயதுடையதாகவே இருந்திருக்கிறது.

பேருந்திலும் இதே கதைதான். 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டுப் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது. பெரிய சமூக மாற்றம் அது, ஐயமில்லை. ஆனால் அந்தப் பேருந்தின் முதற்படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது. பாட்டி ஒரு காலைத் தூக்கி வைத்து, கம்பியைப் பிடித்து, மறு காலை எடுப்பதற்குள் விசில் ஊதப்பட்டுவிடுகிறது. சென்னையில் நீதிமன்றப் போராட்டங்களுக்குப் பிறகு 2024இல் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மாற்றுத்திறனாளிகள் இயக்கங்கள் பெற்றுத்தந்த பயன் அது. முதியோருக்காக அப்படிப் போராட ஆளில்லை. நாமோ அவர்களை வணங்குவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

* * *

இந்த இடத்தில் நம் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். அவர்களுடைய வாதம் நமக்கெல்லாம் மனப்பாடம். “அந்தக் காலத்தில் கம்பும் கேழ்வரகும் தின்றார்கள், தொண்ணூறு வயதிலும் கிணற்றில் நீர் இறைத்தார்கள், எவர் விழுந்தார்?” என்பார்கள். ஒவ்வொருவரிடமும் சான்றாக ஒரு பாட்டி இருப்பார்.

அந்தப் பாட்டி உண்மைதான். ஆனால் தொண்ணூறு வயதில் நீர் இறைத்தவரைத்தான் குடும்பம் நினைவில் வைத்துக்கொள்கிறது. அறுபதில் விழுந்து இரண்டு மாதம் கிடந்து இறந்த இன்னொரு பாட்டியைப் பற்றிக் கதைகள் இல்லை. நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுட்காலம் 40ஐக்கூட எட்டவில்லை. இன்று அது 70ஐ ஒட்டி நிற்கிறது. குழந்தை மரணங்கள் அந்தப் பழைய சராசரியைக் கீழிழுத்தன என்பது சரியே. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், எழுபதையும் எண்பதையும் காணும் பேறு அன்று வெகு சிலருக்கே வாய்த்தது. முதியவர்களே குறைவாக இருந்த காலத்தை, முதியவர்கள் விழாத காலம் என்று மயங்குகிறோம்.

பழமையை இவ்வளவு போற்றுகிறவர்கள் சங்கப் பாடல்களையாவது சரியாகப் படித்திருக்கலாம். புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவர் பெயர் தொடித்தலை விழுத்தண்டினார். இயற்பெயர் மறைந்துபோய், அவர் பாடிய ஊன்றுகோலே பெயராக நின்றுவிட்ட புலவர். துறையின் மருத மரக் கிளையேறி மடுவில் குதித்து, ஆழத்து மணலை அள்ளிக்கொண்டு வந்த இளமையை, இருமலுக்கிடையில் சில சொற்களே பேச முடிகிற முதுமை நினைத்துப் பார்க்கும் பாடல் அது. இதை வகுப்பில் நிலையாமைப் பாட்டாகவே நடத்துகிறோம். எனக்கு அதில் வேறொன்றும் தென்படுகிறது. இளமையில் கம்பும் கேழ்வரகும் தின்றிருக்கக்கூடிய, மடுவில் பாய்ந்த அந்த உடலுக்கும் முதுமையில் கோல் தேவைப்பட்டது. அதைச் சொல்ல அப்புலவர் வெட்கப்படவில்லை. இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் கைத்தடியைத் தொட மறுக்கிறார்கள். “நான் என்ன கிழவனா?” என்கிறார்கள். இந்த வெட்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாம்.

இன்னொரு குரல், கூட்டுக்குடும்பம் சிதைந்ததே காரணம் என்னும். தனிமை கொடியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிறைந்த வீட்டிலும் கழிப்பறைக்குத் தனியாகத்தான் போக வேண்டும். மேலும், குடும்பத்தின் அன்பே சில நேரங்களில் ஊறு செய்கிறது. “நீங்க சும்மா உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாசம்தான் பேசுகிறது. விளைவோ, நடமாட்டம் குறைந்து, தசை கரைந்து, அடுத்த வீழ்ச்சி நெருங்கி வருகிறது. ஒருமுறை விழுந்தவர் அச்சத்தால் நடப்பதைக் குறைப்பார். நடப்பது குறைந்ததால் மீண்டும் விழுவார். இது மருத்துவ உலகம் நன்கறிந்த சுழல். நம் வீடுகளில் இதற்குக் கூடுதலாக ஒரு மௌனமும் உண்டு. காயமில்லாமல் விழுந்த கிழவி அதை மகனிடம் சொல்வதில்லை. சொன்னால் கோயிலுக்கும் கடைக்கும் போவது நின்றுவிடும், “பாத்து நடக்கக் கூடாதா?” என்ற வசையும் விழும். மறைக்கப்பட்ட அந்த முதல் வீழ்ச்சிதான் இரண்டாவதற்கான எச்சரிக்கை. அதைக் கேட்டறியும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம்.

* * *

தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் விடை சொல்லியிருக்கின்றன. 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, உலகெங்கும் நடந்த 108 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சி விழும் விகிதத்தை 23 விழுக்காடு குறைப்பதாகக் கண்டது. பயிற்சி என்றவுடன் உடற்பயிற்சிக்கூடத்தை நினைக்க வேண்டாம். நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருதல், பிடிப்புக்கு அருகில் நின்று ஒற்றைக் காலில் சில நொடி நிற்றல், குதிகாலை ஒட்டி மறுகால் விரலை வைத்து நேர்கோட்டில் நடத்தல் ஆகியவைதாம் அவை. உப்பள வரப்பு இலவசமாகக் கற்றுக்கொடுத்ததைத்தான் நியூசிலாந்தில் வகுத்த ஓட்டாகோ பயிற்சித் திட்டம் வீட்டுக்கூடத்தில் மீட்டுத் தருகிறது. 2023இன் மற்றொரு காக்ரேன் ஆய்வின்படி, விழும் வாய்ப்பு மிகுந்த முதியவர்களின் வீடுகளில் இடையூறுகளைக் களைந்தபோது வீழ்ச்சிகள் 38 விழுக்காடு குறைந்தன. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயது கடந்த பெண்களுக்கு ஒரு கண்ணின் புரையை விரைந்து அகற்றியபோது 34 விழுக்காடு குறைந்ததை 2005இல் வெளியிட்டார்கள். நமக்கோ புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பாட்டியின் புரையை ‘அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் அவர் இருட்டில் நடக்கும் ஆண்டு.

விழுந்த பிறகு நடப்பதிலும் ஆட்சேபம் உண்டு. ‘இடுப்பெலும்பு முறிவு’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடையெலும்பின் மேல் முனையில் நேரும் முறிவு. அறுவை சிகிச்சை செய்து முதியவரை மறுநாளே எழுப்பி நிற்க வைப்பதுதான் இன்றைய மருத்துவ நெறி. ஓரிரு நாள் தாமதமும் கேடு. ஆனால் நம் ஊர்களில் முதலில் கட்டுப்போடுமிடத்துக்கு அழைத்துப்போகிறார்கள். ‘புத்தூர் கட்டு’ பலகை இல்லாத நகரம் தமிழ்நாட்டில் அரிது. கை மணிக்கட்டின் சிறு முறிவுக்கு அது உதவியிருக்கலாம். தொடையெலும்பின் கழுத்து முறிந்த எண்பது வயதுக்காரரைக் கட்டுப்போட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்தால் படுக்கைப்புண்ணும் நுரையீரல் அழற்சியும் காலில் இரத்தக் கட்டியும் முறிவைவிட விரைவாக வேலை செய்யும். ‘எலும்பு கூடவில்லை, வயதாகிவிட்டது’ என்று பழி மீண்டும் வயதின் மேலேயே விழும். இத்தனைக்கும் 108 ஊர்தி 2008 முதல் ஓடுகிறது. அருகே ஜிப்மர் இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இங்கே குறையாக இருப்பது, விழுந்த முதியவர் ஓர் அவசர நோயாளி என்ற எண்ணம்.

இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவத் துறையை டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியது 1978இல். அவர் தமிழிலேயே இவற்றைத் தொடர்ந்து எழுதியும் வந்தவர். ஆக, தமிழில் சொல்ல ஆளில்லை என்றும் நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊர்ப் பெண்ணொருவரே களப்பணியாளராக வீட்டு வாசலுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார். இதைவிடச் சிறந்த வாய்ப்பு அமையாது. அவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம்: கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதும் நடக்கும்போதும் தள்ளாடுகிறதா? விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும், படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பின்னும் இரத்த அழுத்தத்தை அளந்து, மாத்திரைகளை மருத்துவர் மறுபரிசீலனை செய்ய அனுப்பலாம். வீட்டாரே மாத்திரையை நிறுத்திவிடுவது இன்னொரு பேராபத்து. திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் இருக்கிறது. படுக்கையில் விழுந்த பின் வரும் அந்தக் கை, விழுமுன்பே வந்தால் என்ன?

* * *

இதெல்லாம் சரி, இலக்கியவாதிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

நம் சிறுகதைகளில் முதியவர் விழுவது எத்தனை வசதியான உத்தியாக இருந்துவந்திருக்கிறது! கிழவர் விழுகிறார், படுக்கையாகிறார், மகன்களின் சுயரூபமும் மருமகளின் கடுகடுப்பும் வெளிப்படுகின்றன, ஆசிரியர் மானுட அவலத்தைக் கண்டடைகிறார். அவர் எங்கே விழுந்தார், அங்கே விளக்கு இருந்ததா, தரை எப்படிப்பட்டது என்று கதை கேட்பதில்லை. வறுமையையும் சாதியையும் விதியின் கணக்கிலிருந்து மீட்டு மனிதர்களின் கணக்கில் எழுதியது நவீன இலக்கியத்தின் பெருமை. முதியவரின் வீழ்ச்சியை மட்டும் அது இன்றுவரை விதியின் பேரேட்டிலேயே விட்டுவைத்திருக்கிறது.

திருக்குறளின் கேள்வி அதிகாரத்தில், 415ஆம் குறளில், ஒழுக்கமுடையோர் சொல்லுக்கு வழுக்கு நிலத்தில் உதவும் ஊன்றுகோலை உவமை சொல்கிறார் வள்ளுவர். ஒழுக்கத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசியிருக்கிறோம், உவமையைக் கவனிக்கவில்லை. நிலம் வழுக்குமென்றால் நடப்பவருக்குக் கோல் வேண்டும் என்பது அவருக்கு விளக்கம் தேவைப்படாத பொது அறிவாக இருந்திருக்கிறது. நடப்பவரைப் பார்த்து நட என்று கடிந்துகொள்வது பிற்காலத்து நம் பண்பாடு.

நம் கூட்டங்களையே பார்ப்போம். முன்வரிசையில் யார் அமர்ந்திருக்கிறார்கள்? தமிழ்ச் சிற்றிதழ்களை நாற்பது ஆண்டு சந்தா கட்டிக் காப்பாற்றியவர்கள். கூட்டம் நடப்பதோ மாடியில், மின்தூக்கி கிடையாது, படிக்கட்டு குறுகல், கைப்பிடிச் சுவரின் பாதியை விளம்பரப் பலகை மறைத்திருக்கும். எண்பது வயது எழுத்தாளரை இருவர் தாங்கிப் பிடித்து, பக்கக் கம்பியில்லாத மரப்படியில் மேடைக்கு ஏற்றுவார்கள். தரையில் ஒலிவாங்கியின் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பொன்னாடை போர்த்துவோம். அவர் பத்திரமாக இறங்கிவிட்டால் அது அவருடைய நல்லூழ். சில பொன்னாடைகளின் விலையில் ஒரு குளியலறைக் கைப்பிடி கிடைக்கும் என்பது நம்மில் எவருக்கும் தோன்றியதில்லை.

ஆகவே வேண்டுகோள்கள் சிலவற்றை வைக்கிறேன். இலக்கிய அமைப்புகள் கூட்டங்களைத் தரைத்தளத்தில் நடத்தட்டும். இயலாவிட்டால் எழுத்தாளரை மேடையேற்றாமல் மேடையைக் கீழே இறக்கட்டும். அரசின் வீட்டுத் திட்ட வரைபடங்களில், கழிப்பறைச் சுவரில் இரு கைப்பிடிகளும் சொரசொரப்பான தரையும் இரவு விளக்கும் கட்டாயமாகட்டும். குயிலாப்பாளையத் தெருவழியே வந்துபோகும் கட்டடக் கலை மாணவர்கள், அத்தெருவின் ஒரு பாட்டியுடைய வீட்டுக் கழிப்பறையைத் திருத்தி அமைப்பதை ஒரு பயிற்சியாகக் கொள்ளட்டும்.

எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் செய்யக்கூடிய மிக எளிய காரியம் ஒன்றும் இருக்கிறது. அடுத்த முறை ஒரு வீட்டில் “தவறி விழுந்துட்டார்” என்று சொல்லக் கேட்டால் தலையசைக்காதீர்கள். “எங்கே விழுந்தார், எப்போது, தரை ஈரமாக இருந்ததா, வெளிச்சம் இருந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இதற்கு முன் விழுந்ததுண்டா?” என்று கேளுங்கள். வீட்டார் முகம் சுளிக்கலாம். கேள்வி தங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பது அவர்களுக்கு அப்போதுதான் புரியும். அந்த வீட்டிலேயே அடுத்த அறையில் இன்னொரு முதியவர் இருக்கக்கூடும்.